ஈரத்துணியில் இருபது சாமை

ஆறாவது படித்தபோது நான் விதையைத் திருடினேன். முதலில் எங்கள் வீட்டில். பிறகு மாமா வீட்டில்.

முதல் திருட்டுக்கு டீச்சர்தான் காரணம். விதைக்குள் உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது, ஈரமும் காற்றும் சூடும் சரியாகக் கிடைத்தால் முளைக்கும் என்று பாடம் நடத்தினார். நான் சொல்வதை நம்பாதீர்கள், செய்து பாருங்கள் என்றார். பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்து, தினமும் பார்த்து நோட்டில் எழுதிவர வேண்டும்.

சோற்றுக்கு வைத்திருந்தது குத்திப் புடைத்து உமி நீக்கிய சாமை. அது முளைக்காது. மிச்சம் இருந்தது விதைச் சாமை. அதை விதைப்பு நாளுக்கு முன்னால் யாரும் தொடக் கூடாது. சாமிக்குப் பொங்கல் வைத்து, அப்பா முதல் பிடி அள்ளிய பிறகுதான் மற்றவர் கை படலாம். முன்னால் தொட்டால் விதை ஊமையாகிவிடும், முளைக்காது என்பார்கள்.

அந்த வருடம்தான் புல்கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டிருந்தோம். விதையும் இடம் மாறியிருந்தது. முன்பெல்லாம் சுரைக்குடுக்கையில் அடுப்புக்கு மேல் தொங்கும். அப்பா காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் வாங்கிவந்து, அதில் விதையைக் கொட்டி இறுக்கி மூடி, தகரத்தை ஒட்டிய பரணில் ஏற்றினார். எலியும் வராது, பூச்சியும் வராது என்றார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

யாருக்கும் தெரியாமல் டிரம்மிலிருந்து பத்து விதைமணி எடுத்தேன். துணியில் மடித்தேன். நாலு நாள் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. நோட்டில் நாலு பூஜ்ஜியம் எழுதினேன்.

விதைப்புக்கு ஐந்து நாள் இருந்தது. ஏருக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. செத்த விதையைத் தூவினால் ஒரு வருடத்துச் சோறு மண்ணில் போய்விடும். சொன்னால், தொட்டாயா என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. விதை முன்பே செத்திருந்ததா, என் கை பட்டுச் செத்ததா? எனக்கே தெரியவில்லை.

டீச்சரிடம் பாதியை மறைத்துக் கேட்டேன்.

“துணி, தண்ணி, வெக்கிற எடம், எடுக்கிற கை எல்லாம் அப்படியே இருக்கட்டும். விதைய மட்டும் மாத்திப் பாரு. அப்பத் தெரிஞ்சிடும்.”

வேறு விதைக்கு எங்கே போவது? அடுத்தவர் அடுப்படிக்குள் நான் நுழைய முடியாது. மாமா வீட்டில் நுழையலாம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அரை மணி நேர நடை. ஆனால் இரு வீட்டு நிலத்துக்கும் எல்லையில் நின்ற ஒரு பலாமரத்துக்காக அவரும் அப்பாவும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அவர் பேச்சையே எடுக்கக் கூடாது.

சோளக்காடு ஊரில் சந்தை கூடும் நாளாகப் பார்த்துப் போனேன். வீட்டில் ஆளில்லை. அடுப்பு மேட்டில் ஏறிக் குடுக்கைக்குள் கையை விட்டேன். ஒரு சிட்டிகை வந்தது. இறங்கினேன். வாசலில் மாமா நின்றார்.

“என்ன கண்ணு, அம்மாளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“இல்லீங்க மாமா. தண்ணி குடிக்க வந்தேன்.”

“தண்ணி குடிக்கவா இத்தன தூரம்? உங்கூட்டுத் தண்ணிய உங்கப்பன் பூட்டி வெச்சிட்டானா?”

சொம்பை நீட்டினார். இடது கையால் வாங்கிக் குடித்தேன். வலது கை மூடியே இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் டிரம்மிலிருந்து மறுபடி பத்து. மாமாவுடையது பத்து. ஒரே வேட்டியில் கிழித்த இரண்டு துணி. ஒரே குடத்துத் தண்ணீர். மாட்டுக்கொட்டகையில் ஒரே மூலை. மூன்றாம் நாள் மாமாவுடையதில் ஒன்பது முளை விட்டிருந்தது. எங்களுடையது அப்படியே கிடந்தது. என் கை இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னால் மாமா வீட்டுக்குப் போனதும் தெரிந்துவிடும் என்று தள்ளிப்போட்டேன்.

விதைப்பு நாளும் வந்தது. பொங்கல் பொங்கியது. அப்பா டிரம்மை இறக்கி மூடியைத் திறந்தார். குனிந்தார்.

“அப்பா, அள்ளாதீங்க. அது செத்துப்போச்சுங்க.”

அம்மா என் வாயில் ஒரு அடி போட்டாள். “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசுறா பாருங்க!”

“யாரு சொன்னா?” என்றார் அப்பா.

“நானே பாத்தேனுங்க.”

இரண்டு துணியையும் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன்.

“தொட்டுட்டியாடி? அதாங்க! இவ கை பட்டுத்தான் ஊமையாயிருச்சு!” என்றாள் அம்மா.

“ரெண்டையும் நாந்தான் தொட்டேன். மாமா ஊட்டு விதை மொளச்சிருக்குதே.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா முளைகளைப் பார்த்தார். டிரம்மில் ஒரு மணியை எடுத்துக் கடித்துத் துப்பினார். வெயில் ஏறியிருந்தது. பரணுக்கு மேலே எக்கித் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். சூடு தாங்காமல் உடனே எடுத்துக்கொண்டார். சட்டையை மாட்டினார்.

“வா” என்றார் என்னிடம்.

மாமா வீட்டு வாசலுக்கு வெளியிலேயே அப்பா நின்றுவிட்டார்.

“இவ உங்க விதையில கை வெச்சுட்டா. சொல்லத்தான் வந்தேன்.”

அவ்வளவுதான். விதை வேண்டும் என்று கேட்கவில்லை. மாமா என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விசாரித்தார். மழை தூறத் தொடங்கியது. அப்பா நகரவில்லை.

“எத்தன மொளச்சுது?”

“பத்துக்கு ஒம்போதுங்க.”

“அந்த ஒண்ணுக்கு என்ன கேடு?”

“தெரியலீங்க மாமா.”

உள்ளே போனார். அவர் பொங்கல் வைக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதுவரை தொடக் கூடாத குடுக்கையோடு வந்தார்.

“மடியப் புடி சாமி.”

பாவாடையை ஏந்தினேன். பாதிக் குடுக்கை கொட்டினார். பிறகு அப்பா காதில் விழும்படி சத்தமாகச் சொன்னார்:

“உங்கப்பனுக்கு ஒண்ணும் குடுக்கல. எம் மருமவளுக்குக் குடுக்கறேன். மாமன் குடுக்கறத ஆரும் வேண்டாங்க முடியாது.”

அப்பா எதிரே இருந்த ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீடு தேடி வந்தவரை நனையவிட்டு, உனக்கு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாரே.

வழியில் சொன்னேன். “கொட்டிரலாம்ப்பா. நமக்கு வேண்டாம்.”

“சிந்தாம நட” என்றார் அப்பா.

அன்றே விதைத்தோம். சாமை நன்றாக வந்தது. அறுப்புக்கு மாமா ஆள் கூட்டிவந்தார். அப்பாவும் அவரும் ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பலாமரத்தைப் பற்றிக்கூடப் பேசினார்கள். நான் மட்டும் மாமாவோடு ஒரு வருடம் பேசவில்லை.