தூள் வேண்டாம்

மழைக்கு முன் வாசலில் தண்ணீர் இறங்கும் தளம் போட ஜல்லி வாங்கப் போனேன். கடையில் ஈரக் கல்தூள் வாசனை அடித்ததும் பழைய வீடு நினைவுக்கு வந்தது.

சிறுவயதில், முடிச்சூர் வீட்டு வாசலில் இதற்காகவே அப்பா ஜல்லி பரப்பினார். கோலம் போட முடியவில்லை என்று அம்மா இடுக்கெல்லாம் கல்தூளைக் கொட்டி நிரவினார். தண்ணீர் இறங்க வழியில்லாமல், அடுத்த மழை நேராகக் கூடத்துக்குள் வந்தது. நான் பாடப்புத்தகங்களைக் கைவிட்டு, பம்பரத்தோடு பீரோமேல் ஏறிவிட்டேன்.

"கணுக்கால்கூட நனையாதுடா, எறங்கு" என்றார் அப்பா.

கடைக்காரர் என் நினைவைக் கலைத்தார்: "தூள் கலந்தா தரை நைசா இருக்கும் சார்."

"தூளே வேணாம்ணா." நான் கத்தியதில், வெளியே லாரியில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்துவிட்டார்.

வெறும் ஜல்லிதான் என்று சொன்னதும் போனில் மனைவி கேட்டாள்: "அப்ப மார்கழிக்குக் கோலம் எங்க போடறதாம்?"

"ரெண்டடிக்கு ரெண்டடி கடப்பாக்கல் வாங்கிட்டு வரேன். தேர்க்கோலத்துக்கெல்லாம் ஆசைப்படாத."