அத்தைக்கு வந்த காகித மணவறை

எழுபதுகளின் கடைசியில் என் சித்தப்பா மணவறை ஜோடிக்கும் தொழிலில் இறங்கினார். கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கக்கூட அவருக்கு வராது. ரப்பர்ப் பால்மரம் சீவின கைக்குக் காகிதம் வெட்டத் தெரியாதா என்று யாராவது கேட்டுவிடுவதற்குள், வெட்டுவதும் ஒட்டுவதும் கூலியாள் வேலை, நான் முதலாளி என்று முந்திக்கொள்வார். முதல் ஆர்டரே அவர் தங்கச்சி, அதாவது என் அத்தையின் கல்யாணம்.

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கோலத்துக்கும் காகிதப் பூவுக்கும் பேர்போனவள் அத்தை. "ரெண்டு நாள் எங்கூட உக்காருண்ணே. தூணுக்குச் சுத்துற பூவாச்சும் வெட்டக் கத்துக்கலாம்லா" என்று கெஞ்சினாள். கல்யாணப் பெண்ணிடமா பாடம் படிப்பது? சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினார்.

அங்கே ஒரு சந்தில் வயதான சீனர் ஒருவர் மூங்கிலும் வண்ணக் காகிதமும் வைத்து வீடு செய்துகொண்டிருந்தார். ஓடு, ஜன்னல், வாசலில் நிற்கிற கார் எல்லாமே காகிதம். எட்டு வயதில் அதைவிட அழகான கடையை நான் பார்த்ததே இல்லை. சித்தப்பா சொக்கிப்போய், மணவறையை வரைந்து காட்டப் பென்சிலை எடுத்தார். வந்தது கோழிக்கூண்டு. அதைக் கசக்கி எறிந்துவிட்டு, நாலு தூண், மேலே கோபுரம், எல்லாம் தங்கக் கலர் என்று அரைகுறை மலாயிலும் கையாலும் விளக்கினார். பெரியவர் யாருக்கு என்று கேட்டார். தங்கச்சிக்கு என்றார் சித்தப்பா. வயது? இருபத்திரண்டு. பெரியவர் கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தார்.

கல்யாணத்தன்று காலையில் லாரியில் வந்து இறங்கியது மணவறை. தோட்டமே வாயைப் பிளந்தது. பக்கத்துக்கொரு காகிதப் பொம்மை, ஓர் ஆண், ஒரு பெண். பொண்ணு மாப்பிள்ளை பொம்மை என்று அம்மா பூரித்துப்போனார். அத்தையைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தார்கள்.

அப்போதுதான் மளிகைக்கடைச் சீனர் சிவப்பு உறையில் மொய்யோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, பொண்ணை எழுப்புங்கலா. இது செத்தவங்களுக்கு எரிக்கிற வீடு. அந்தப் பொம்மை ரெண்டும் அவங்களுக்கு வேலைக்காரங்க" என்றார்.

தனியே சொன்னது யார் காதில்தான் விழவில்லை? மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வண்டியைக் கூப்பிடச் சொன்னார். சித்தப்பா தூணோரம் சரிந்து உட்கார்ந்தார்.

அத்தை அழவில்லை. கூறைப்புடவையோடு இறங்கி வந்து, அரை மணி நேரம் மட்டும் கொடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டாள். நாலு கம்பு, அம்மாவின் பட்டுப்புடவைகள், பள்ளிக்கூடத்து வண்ணக் காகிதம். சித்தப்பாவின் கையில் கத்தரியைத் திணித்து, இப்படி மடி, இப்படி வெட்டு என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் வெட்டிய கோணல் பூக்களுக்குக் கீழே, முகூர்த்தம் தப்புவதற்குள் தாலி ஏறியது.

இது எப்படி நடந்தது என்று எல்லோரும் சித்தப்பாவைத்தான் குடைந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கடையிலிருந்து கிளம்பும்போது அந்தப் பெரியவர், பொம்மை ரெண்டு சேர்த்து வைக்கிறேன், அதுக்குக் காசு வேண்டாம் என்றார். என் கை நிறைய மிட்டாய் வைத்து, தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. அத்தை கல்யாணத்தில் யாரோ ஒரு தாத்தாவுக்கு இத்தனை சந்தோஷமா என்று, பஸ்ஸில் வழி நெடுக எனக்கு ஒரே பெருமை.