சோமவார மாத்திரை

மருந்துகளைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்று என் கடையில் இருக்கிறது. பில் போடும் பிரிண்டர் ஆடாமலிருக்க அதை அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓசூரில் பதினெட்டு வருடமாக மருந்தாளுநர். சந்தேகம் வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்பேன், பதிலுக்கு முன்னால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வரும். பேய், ஆவி எதையும் நம்பியதில்லை. நான் விற்கிற டானிக்கையே நம்பாதவன்.

புத்தகம் கமலா மேடம் வாங்கியது. என்னோடு கடையில் வேலை பார்த்தவர். எந்தச் சீட்டு வந்தாலும் "எதுக்கும் ஒருக்கா பாத்துரலாம் சார்" என்று அதைப் பிரிப்பார், காலி மாத்திரை அட்டையைக் கிழித்துப் பக்கத்துக்கு அடையாளம் வைப்பார். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். மறுவாரமே புத்தகம் பிரிண்டருக்கு அடியில் போயிற்று.

ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு, தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்க்கும் மாதம்மா, சிறுநீர்த் தொற்றுக்கு எழுதிய சீட்டோடு வந்தார்.

"தினமும் வேற மாத்திர ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா?"

"இல்ல சார். தேன்கனிக்கோட்டை பஸ்ஸு போயிரும், சுருக்கா குடுங்க."

கவரில் போட்டு நீட்டுகிறேன், நம்பினால் நம்புங்கள், முதுகுக்குப் பின்னால் "எதுக்கும் ஒருக்கா பாத்துரலாம் சார்" என்று கேட்டது. திரும்பினால் பிரிண்டர்தான் இருந்தது. பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகம் வந்தது, பிரிண்டரை இறக்கிவைத்துப் புத்தகத்தை எடுத்தேன், அட்டைத் துண்டு நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் பிரித்தால், நான் கவரில் போட்ட அதே மருந்து, ஓரத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: 'வாரம் ஒருநாள் மாத்திரை உண்டா என்று கேட்கவும்.'

கேட்டேன்.

"ஆமா, சோமவாரம் ஒண்ணு, மூட்டுவாதத்துக்கு. நீங்க தினமும்னுதான சார் கேட்டீங்க?"

இரண்டும் சேர்ந்தால் உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுபோகலாம், உயிர்கூடப் போகலாம் என்று அந்தப் பக்கத்திலேயே இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். வேறு மருந்து சொன்னார். மாதம்மா பஸ்ஸைத் தவறவிட்டதற்காக என்னைத் திட்டிக்கொண்டே போனார். பதினெட்டு வருடமாக எத்தனை பேர் என் தவறான கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

குரலை மனசாட்சி என்று தள்ளிவிடலாம். அட்டைத் துண்டைத்தான் தள்ள முடியவில்லை. தொழில் பழக்கத்தில் அதைத் திருப்பித் தயாரிப்பு மாதம் பார்த்தேன். கமலா மேடம் இறந்து மூன்று மாதம் கழித்து. இப்போதும் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன், மாதம் மாறுவதில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"கமலாக்கா வந்தாங்க, சரி. நீங்க புத்தகத்தப் பிரிச்சுப் படிச்சேங்கறீங்க பாருங்க, அத வெளிய சொல்லாதீங்க. யாரும் நம்ப மாட்டாங்க."