மூன்று மிதி

நான் காலால் பிறந்தவன். தலை வரவேண்டிய நேரத்தில் கால் வந்ததாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவனைத் தேடி ஒரு வேலை தானாக வந்து சேரும். இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள், பாயில் குப்புறப் படுப்பார்கள். இடது குதிகாலால் இடுப்பில் மூன்று மிதி, அவ்வளவுதான் வைத்தியம். காசு வாங்கக் கூடாது, வெற்றிலை பாக்கு வாங்கலாம். திருப்புலிவனத்திலிருந்தும் பெருநகரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து மிதி வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் எழுந்து நின்று, "வுட்டுடுச்சிபா" என்று இடுப்பைத் தடவிக்கொள்கிறவரிடம் போய் வாதாட நான் என்ன முட்டாளா?

என்னைவிட அதிகம் நம்பியவள் என் மனைவி. வருகிறவர்களுக்குப் பாய் விரிப்பது அவள்தான். "ஊர்ல பொண்டாட்டிய மெதிக்கிறவனுங்க எத்தினியோ பேரு. மெதிச்சிட்டு வெத்தல பாக்கு வாங்கறது இவரு ஒருத்தருதான்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளையும் மிதித்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் நடவு நட்டவள். சேற்றில் குனிந்தால் கரை ஏறும்வரை நிமிர மாட்டாள் என்று பேர் எடுத்தவள். நடவுக் காலம் முழுக்க என் குதிகாலுக்கு வேலை இருக்கும்.

ஒரு நாள் அவளால் நிமிரவே முடியவில்லை. செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தோம். கீழ் முதுகில் ஒரு டிஸ்க் தேய்ந்து, உள்ளே நீர் வற்றிப்போய்விட்டது என்றார்கள். கோடையில் ஏரி வற்றும், தெரியும். முதுகுக்குள்ளும் வற்றும் என்று யார் கண்டது. மாத்திரை, பெல்ட், கரண்ட் வைத்தியம் எதற்கும் மசியவில்லை. உட்கார்ந்தால் உயிர் போகிறது என்று நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் ஊசி போட்டு ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை இழுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்து, தேய்ந்த டிஸ்குக்குள் செலுத்துவார்களாம். அது அங்கே பிழைத்துக்கொண்டால் டிஸ்க் கொஞ்சம் தேறலாம்.

"தேறும்னு நான் சத்தியம் பண்ண முடியாதுங்க ஐயா. பாதிப் பேருக்கு செல் போகும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொல்லுவாங்க."

சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான் என்றார். சோழர் காலத்திலேயே ஓலைச் சீட்டுக் குலுக்கி ஆளைத் தேர்ந்தெடுத்த குடவோலை ஊர்க்காரனுக்கே சீட்டைப் பற்றிப் பாடம். "எனக்கு நெசமானதுதான் வுழும்" என்று சொல்லிவிட்டு என் மனைவி கையெழுத்துப் போட்டாள்.

ஊசி போட்டு அனுப்பும்போது, மூன்று மாதம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது, எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது என்றார்கள். மிதிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதா என்ன?

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் வலி வந்தது. தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"யோவ், மூணே மெதி. நீ மெதிச்சா போயிடும்யா."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"நீவக் கூடாதுன்னாங்க. நீ இன்னா நீவவா போற?"

மாட்டேன் என்று தெருவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியவில்லை, மிதித்தேன். மெதுவாகத்தான் மிதித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நாள் நன்றாக இருந்தாள். அப்புறம் வலி இடது காலுக்குள் இறங்கியது, இறங்கியது இறங்கியதுதான்.

மூன்றாவது மாதம் போனபோது டாக்டரம்மா கேட்டார், "நடுவுல விழுந்தீங்களா? யாராவது நீவி விட்டாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஒண்ணும் இல்லமா. என்ன கீய குந்தக்கூட வுடல இவரு."



அதற்குப் பிறகு அவள் என்னை மிதிக்கச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருநகரிலிருந்து ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். பழைய வழக்கத்தில் நானே பாயை எடுத்தேன். கட்டிலில் கிடந்தவள் என் பக்கம் திரும்பாமலே அவரிடம் சொன்னாள். "அந்தக் காலு வாணாம்பா. என்னப் பாத்துக்கினுதான கீற."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டாக்டரிடம் என்னைக் காட்டிக்கொடுக்காதவள், மனதுக்குள் என்னை மன்னிக்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்தவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

போன மாதம் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. "அவங்களுக்குப் போனது செல்தான் ஐயா. பலன் கிடைக்கல. சிலருக்கு ஏன் கிடைக்கலைன்னு எங்களுக்கே புரியல. மறுபடியும் போடறதுக்கு இதுல வழியில்ல." மிதித்தால் கெட்டுப்போகுமா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே போனை வைத்தேன்.

"இன்னாவாம்?" என்றாள் கட்டிலிலிருந்து.

"உப்புத் தண்ணியாம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் யாருக்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்காக இல்லை, என் காலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேன். கோழை நான்.

கட்டிலில் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "அப்ப உன் காலால ஒண்ணும் கெடலயா?"

"இல்ல."

"பாவம்யா நீ. இத்தினி நாளா உன்ன மனசுல திட்டிக்கினே கெடந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. நான் எதிர்பார்க்காதது அதுதான். "அப்ப நெசமான ஊசி எனக்கு இன்னும் போடவே இல்ல. இனிமேதான் போடுவாங்க, இல்ல?"

தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் போன் வந்ததா என்று கேட்கிறாள். நேற்று சுவரில் சாய்ந்து, நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"யோவ், இந்த வாட்டி நா எவ்ளோ கெஞ்சினாலும் மெதிச்சிடாத."

"சரி" என்றேன்.