பகலில் சாத்திய கதவு

முடக்குவாதம் என்றால் எல்லோரும் கையையும் காலையும்தான் பார்ப்பார்கள். புருஷன் பெண்டாட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதை அந்த நோய் என்ன செய்யும் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை. இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்? சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த கையோடு கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தேன். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு குடித்தனம், எல்லோருக்கும் ஒரு குழாய். எங்களுக்கு ஓர் அறை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உரத்துப் பேசத் தெரியாத மனுஷர். முதலில் கொஞ்ச காலம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். ராத்திரியிலும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு விரல் முட்டிகள் வீங்கின. மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தது. விடிந்து எழுந்தால் உடம்பு மரக்கட்டை. ஜாக்கெட் கொக்கியைக்கூட அவர்தான் மாட்டிவிட வேண்டும். வெயில் ஏற ஏற இளகும். மத்தியானத்தில் பழைய ஆளாகிவிடுவேன். பொழுது சாய்ந்தால் அசதி வந்து மறுபடி இறுகும்.

ஒரு ராத்திரி அவர் ஆசையாகத்தான் வந்தார். இருட்டில் அவர் கை தெரியாமல் என் மணிக்கட்டில் ஊன்றிவிட்டது. நான் போட்ட அலறலில் முற்றமே விழித்துக்கொண்டது. மறுநாள் குழாயடியில் எதிர் அறை அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். அவள் வாய்க்கு ஏலக்காரனே பயப்படுவான்.

"இன்னா நைனா, நோவுல கீற பொண்ணைப் போட்டு அடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

நடந்ததை அவர் எப்படிச் சொல்வார்? அறைக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நான்தான் எப்படிச் சொல்வேன்? பெண்டாட்டியை அடிக்கிறவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு, குடத்தை நிரப்பி எடுத்து வந்தார்.

அன்றோடு என்னைத் தொடுவதை விட்டுவிட்டார். வைத்தியத்துக்குத் தொடுவார். கொக்கி மாட்டுவார், தலை வாரிவிடுவார், உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பார். எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. படுக்கையை வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டார். "உள்ள புழுக்கமா கீது" என்றார். மார்கழியில் என்ன புழுக்கம், மண்ணாங்கட்டி! எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கு என்னைக் கண்டு பயமா, அருவருப்பா என்றுகூடத் தெரியாமல் நான் மட்டும் உள்ளே கிடந்தேன். அவர் தூக்கத்தில் புரளும் சத்தம் கேட்கும். கூப்பிடு தூரம்தான். கூப்பிட வாய் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்தார். ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து விசாரித்தார். "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்றும் கேட்டார். நாக்கு நுனிவரை வந்தது. முதுகுக்குப் பின்னால் நீண்ட வரிசை, பக்கத்தில் அவர். "இல்லீங்க" என்றேன்.

சரி, நாமே வழி பார்ப்போம் என்று துணிந்தேன். என் உடம்பு இளகுவது மத்தியானம். காலை ஷிப்ட் முடிந்து அவர் வீட்டில் இருப்பதும் மத்தியானம். ஆனால் எங்கள் முற்றத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். சாத்தினால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் அது. எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! நான் என்ன அடுத்தவள் புருஷனையா கேட்கிறேன்?

ஒருநாள் வெந்நீரில் குளித்துப் பூ வைத்துக்கொண்டேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"இன்னாமே, பகல்ல?"

"இன்னிக்கு எனக்கு நோவே இல்லய்யா. பக்கத்துல வா."

அவர் ஓரடி பின்னால் போனார். "வேணாம்மே. நீ கத்திடுவே."

"கத்த மாட்டேன். வலிச்சா மெதுவா சொல்றேன். கை மேல ஊனாத, அவ்ளோதான். எனக்கு நர்ஸ் வேணாய்யா, புருஷன் வேணும்."

தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். என் கன்னத்தில் கையை வைத்தார். எனக்கு வலிக்கிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது, அருவருப்பு இல்லை, பயம்தான் என்று. ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

கதவு படபடவென்று தட்டப்பட்டது. எதிர் அறை அக்காதான்.

"இன்னா நைனா, பட்டப்பகல்ல கதவச் சாத்திகினு இன்னா பண்றே? இன்னொரு தபா அந்தப் பொண்ணு மேல கை வெச்சே, நான் சும்மா இருக்க மாட்டேன், ஆமா!"

அவர் கையை எடுத்துக்கொண்டார். எழுந்துபோய்த் தாழை நீக்கிக் கதவை அகலத் திறந்துவிட்டார். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை என்று கண்டதும் முனகிக்கொண்டே போய்விட்டாள்.

நான் அழத் தொடங்கினேன். அவர் பதறிப்போய் என் முன்னால் உட்கார்ந்தார். முழங்காலைத் தொட்டும் தொடாமலும், "எங்கமே வலிக்குது?" என்று கேட்டார்.

"எங்கயும் வலிக்கல. அதனாலதான்யா அழுவுறேன்."