மச்சாள் செய்த மோட்டார்

என் தோள்மூட்டு போனபோது வள்ளமும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். கொக்கிளாய்க் களப்பில் மரக்கோல் ஊன்றி வள்ளம் தள்ளி மீன் பிடிப்பவன் நான். கையைத் தூக்க முடியாதவன் கோலை எப்படி ஊன்றுவது? எண்ணெய் எஞ்சின் பூட்டலாம்தான். ஆனால் ஆழமில்லாத தண்ணீரில் அந்தச் சத்தத்துக்கு ஒரு மணலை மீனும் நிற்காது. வள்ளத்தை விற்றுவிட்டுக் கடையொன்றுக்குக் காவல் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

குறுக்கே விழுந்தவள் மனைவியின் தங்கை. கிளிநொச்சியில் பொறியியல் படிப்பிக்கிறாள். மின்மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரை வடிவமைப்பதில் அவளுக்குப் பைத்தியம்.

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான். பற்றரியிலை ஓடுற மோட்டார் ஒண்டு செய்து தாறன்," என்றாள்.

முதல் மோட்டார் கரையில் ஓடும்போது நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. களப்புக்குள் போனதும் மரக்கோலின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தேன். கீழே என்ன நடமாடுகிறது என்று நாங்கள் அப்படித்தான் கேட்போம். காதுக்குள் வண்டு புகுந்ததுபோல ஒரே இரைச்சல்.

"உம்மட மோட்டார் பாட்டுப் பாடுது மச்சாள்," என்று நக்கலடித்தேன்.

அவள் கோபிக்கவில்லை. கோலை வாங்கித் தானும் காதை வைத்தாள். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வெயிலுக்குள் நெடுநேரம் கேட்டாள். கரைக்கு வந்து மோட்டாரின் தண்டைக் கையால் திருப்பச் சொன்னாள். அது தடக்கித் தடக்கிச் சுற்றியது.

"ரோட்டரிலை இருக்கிற காந்தங்கள் சுத்தியிருக்கிற இரும்புப் பல்லுகளை ஒரே நேரத்திலை பிடிச்சு ஒரே நேரத்திலை விடுகுது. கரைவலை இழுக்கேக்கை எல்லாரும் ஒண்டாய் இழுத்து ஒண்டாய் விட்டால் கயிறு குலுங்குமெல்லே? காந்தத்தைச் சரிச்சு வைச்சால் ஒண்டு விடேக்கை மற்றது பிடிச்சிருக்கும்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். அவ்வளவு லேசில்லை. சரிவு கூடினால் இழுவை போகிறதாம், குறைந்தால் இரைகிறதாம். ரோட்டருக்கு மேல் ரோட்டராக வெட்டினாள். ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி வந்து, என் பழைய முழுக்கைச் சேட்டொன்றை உடுப்புக்கு மேல் மாட்டிக்கொண்டு, கோலில் காதை வைத்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். கணினி சரியென்று சொன்ன ரோட்டரைக்கூடக் களப்பில் கேட்காமல் அவள் நம்பவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் இன்றும் வாய்விட்டு மெச்சுவேன்.

வள்ளம் வாங்க முள்ளியவளையிலிருந்து ஒருவர் வரவிருந்த காலையில் இன்னொரு ரோட்டரோடு வந்து இறங்கினாள். களப்பின் நடுவில் கோலில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை.

"மோட்டாரைப் போடுமன்," என்றேன்.

"போட்டுத்தான் கிடக்கு. கரையைப் பாருங்கோ."

கரை மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் காதை வைத்தேன். அடியில் இறால்கள் நொறுநொறுப்பது கேட்டது. வெட்கத்தை விட்டு அழுதுவிட்டேன்.

"ஏன் அத்தான், சரிவரேல்லையோ?" அவள் முகம் வாடிவிட்டது.

"அக்காவுக்குப் போன் எடும்," என்றேன். "வாற ஆளுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பச் சொல்லும். வள்ளம் விக்கிறதில்லை."