ரூத் டீச்சரின் வராந்தா வகுப்பு

அறுபதுகளின் நடுவில் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் நாளே ஹெச்.எம். கூப்பிட்டு, "சாயந்திரம் பங்களாவுக்குப் போங்க. பாதிரியாரம்மாவுக்குத் தமிழ் பேசிப் பழகணுமாம்" என்றார்.

பாதிரியாரின் மனைவி ரூத் அம்மா இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவர் பாதி நாள் கிராமங்களில் இருப்பார்.

"சமையலுக்கு ஆள் இருக்கிறது. தோட்டத்துக்கு ஆள் இருக்கிறது. பிரசங்கம் செய்ய அவர் இருக்கிறார். நான் எதற்கு, டீச்சர்?" என்று ஒரு நாள் புத்தகத் தமிழில் கேட்டார். டீ ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம்தான் மீன் விற்கும் கன்னியம்மா, மகள் செல்வியோடு வந்தாள். செல்விக்கு ஆறு வயதிருக்கும்.

"இதுக்குக் காது கேக்காதும்மா. வூட்ல வுட்டா எங்கனா ரோட்டுக்குப் போய்டுது. அதான் கூடவே இட்டுக்கினு சுத்துறேன்."

ரூத் அம்மா சட்டென்று தரையில் உட்கார்ந்தார். செல்வியின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, வாயை மூடி 'ம்ம்' என்றார். அதிர்வு பட்டதும் பிள்ளை சிரித்தது. கல்யாணத்துக்கு முன் அவர் காது கேளாதோர் பள்ளியில் வேலை பார்த்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே வராந்தாவில் ஒரு கண்ணாடியும் இரண்டு முக்காலியும் வந்துவிட்டன. என்னையும் உட்காரச் சொன்னார்.

"என் தமிழ் ஆங்கிலத் தமிழ். என் உதட்டைப் பார்த்தால் பிள்ளை தப்பாகக் கற்கும். உங்கள் வாய் எனக்கு வேண்டும்."

இப்படித்தான் நான் பேச்சுப் பயிற்சி ஆசிரியை ஆனேன். அவர் முறையைச் சொல்வார், நான் ஒலியைச் செய்து காட்டுவேன். மாதங்கள் போயின. கன்னியம்மா பொறுமை இழந்தாள்.

"பொழப்பு கெடுது. பேச்சு வருமா வராதா, ஒரு வார்த்தை சொல்லிடு."

"தெரியாது. நாளைக்கும் அழைத்து வாருங்கள்" என்றார் ரூத் அம்மா. பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கன்னியம்மா அழைத்து வந்தாள்.

ஒரு காலையில் குரோம்பேட்டைத் தெருவில் கன்னியம்மா கூவிக்கொண்டு போக, பக்கத்தில் செல்வியும் "மீ... னு" என்றாளாம். கூடையோடு நேரே பங்களாவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். குரல் கட்டையாகத்தான் இருந்தது. கன்னியம்மா மகளின் முகத்துக்கு நேரே குனிந்து, "இன்னொரு தபா சொல்லுடி" என்றாள். அவள் சொன்னாள். ரூத் அம்மா உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் வேறு பிள்ளைகளும் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் கணவரை வடக்கே மாற்றப் பேச்சு வந்தபோது, "எனக்கு இங்கே வேலை இருக்கிறது" என்று ரூத் அம்மா சொல்லிவிட்டார். கணவரே மேலிடத்தில் பேசித் தங்க ஏற்பாடு செய்தார். தெருவில் அவரை 'ரூத் டீச்சர் வூட்டுக்காரரு' என்பார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

இந்த வேலைக்கு வரும் இளம் ஆசிரியைகளுக்கு, அவரிடம் நான் கற்ற ஒன்றைச் சொல்கிறேன். ஜன்னலைப் பார்த்தபடி நீங்கள் உட்காருங்கள். பிள்ளைக்கு ஜன்னல் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வெளிச்சத்தில் நம் கண்தான் கூசும். ஆனால் பிள்ளைக்கு நம் உதடு தெரியும்.